வெட்டிய ஸ்பிரிங், நகர்ந்த ஆக்ஸில்: வீட்டிலேயே தாழ்த்தப்பட்ட ஒரு எம்ஜிபியின் சஸ்பென்ஷன் ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி 1975-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டனின் எம்ஜி நிறுவனம் செய்த திறந்த ஸ்போர்ட்ஸ் கார்), ரப்பர் பம்பர் வகை. வாங்கிக் கொஞ்ச காலம் ஓட்டிய நண்பர், சஸ்பென்ஷனை இன்னும் மாற்றியமைக்க வேண்டும் என்று கொண்டுவந்தார். டெலஸ்கோபிக் ஷாக் அப்சார்பர், இன்னும் கடினமான ஸ்பிரிங், பாலியூரித்தேன் புஷ் (மூட்டுகளில் வைக்கும் மெத்தை வளையம்) என்று வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல் கையில் தயாராக இருந்தது. வண்டியின் உயரத்தை முந்தைய உரிமையாளர் வீட்டிலேயே குறைத்திருக்கிறார் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். எப்படிக் குறைத்தார் என்பது தெரியாது.

நண்பர் சொன்ன குறைகள் நான்கு. நேர் சாலையில் ஸ்டீயரிங்கை லேசாக இடதுபக்கம் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் வண்டி நேரே போகிறது. சாலையில் அலை அலையாக மேடு வந்தால் ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே வண்டி ஒருபக்கம் எட்டிப் போகிறது. வளைவில் பாதிவரை நன்றாகத் திரும்பிவிட்டு, அப்புறம் திடீரென்று முன்சக்கரம் பிடியை விட்டு வெளிப்பக்கம் தள்ளுகிறது. மெதுவாகப் போகும்போது முன்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். “வேகமெடுத்தா வண்டி நம்ம பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது” என்றார்.

இந்த நான்கில் மூன்றாவதுதான் என்னை உடனே உட்காரவைத்துப் பேசச் செய்தது. ஒருபக்கம் இழுக்கும் வண்டியை ஓட்டுநர் பழகிக்கொள்வார். ஒரு அளவு வரைக்கும் சொன்னபடி கேட்டுவிட்டு, எச்சரிக்கையே இல்லாமல் குணம் மாறும் வண்டியை யாரும் பழகிக்கொள்ள முடியாது. பட்டியலை ஒதுக்கி வையுங்கள், முதலில் அளப்போம் என்று கேட்டுக்கொண்டேன்.

வண்டியின் அமைப்பு

1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் எம்ஜிபி. முன்பக்கம் காயில் ஸ்பிரிங், கிங் பின் (ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்பும் அச்சுத்தண்டு). பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கின் (எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) மேல் உட்கார்ந்த ஒரே முழு ஆக்ஸில். ஷாக் அப்சார்பர்கள் நான்கும் பழைய ஆர்ம்ஸ்ட்ராங் லீவர் வகை. முன்பக்கத்தில் இந்த லீவர் ஷாக் அப்சார்பருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் கைதான் சஸ்பென்ஷனின் அப்பர் ஆர்ம். அதாவது அது வெறும் அதிர்வை அடக்கும் பொருள் மட்டும் கிடையாது, சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று பிடித்துவைக்கும் பாகமும் அதுதான். அதன் சுழல்தண்டில் ஆட்டம் வந்தால் சக்கரத்தின் கேம்பர் கோணமே (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) ஆடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் முடிவு ஒன்று எளிதாகப் புரியும்.

1974-இன் பிற்பகுதியில் அமெரிக்க பம்பர் விதிகளுக்காக வண்டிக்குப் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. கூடவே வண்டியின் உயரமும் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. கூடியது. முன்பக்கத்தில் இந்த உயர்வை, சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரை மாற்றித்தான் பெற்றார்கள். சஸ்பென்ஷன் ஆர்ம்களின் சாய்வு, ஸ்டீயரிங் ராக்குக்கும் (சக்கரங்களைத் திருப்ப இடவலமாக நகரும் பல்தண்டு) அவற்றுக்கும் உள்ள உறவு எல்லாம் கிட்டத்தட்ட பழையபடியே இருக்க, பாடி மட்டும் மேலே போனது. இதே காலத்தில் ரோட்ஸ்டரின் முன்பக்க ஆன்டி ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். எடைமையம் மேலே போன நேரத்தில், சாய்வைத் தடுக்கும் தண்டும் போய்விட்டது. விளைவு, வளைவில் படகுபோல் சாயும் வண்டி. 1977 மாடலில்தான் முன்பக்க பார் திரும்ப வந்தது, பின்பக்கமும் ஒன்று சேர்ந்தது. நம் வண்டி இடைப்பட்ட காலத்தது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

முந்தைய உரிமையாளரை எரிச்சல்படுத்தியது இந்தச் சாய்வாகத்தான் இருந்திருக்கும். அவருடைய ஆசையில் தவறில்லை. சாய்வு என்ற குறைக்கு உயரக் குறைப்பு என்ற மருந்தைக் கொடுத்ததில்தான் கதை தொடங்குகிறது.

அளந்தபோது தெரிந்தவை

தரை மட்டமாக இல்லாவிட்டால் அளவு எதுவும் அளவே இல்லை. தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் வளையும் குழாயை நான்கு சக்கரத்தடியிலும் பிடித்து மட்டம் பார்த்து, தாழ்ந்த இடத்தில் தகடு வைத்துச் சரிசெய்தோம். டயர்களில் காற்றைச் சமமாக்கினோம். டயரின் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியையும் பார்த்தோம் (முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு). பழைய வண்டிகளில் டயர் தேயாமலே கிழடாகிவிடும். கட்டையாகிப்போன டயரை வைத்துக்கொண்டு சஸ்பென்ஷனைக் குறை சொன்னால் வீண் அலைச்சல். இந்த வண்டியின் டயர்கள் நல்ல நிலையில் இருந்தன.

உயரத்தை நிலத்திலிருந்து அளக்காமல், சக்கர மையத்திலிருந்து அதற்கு மேலே உள்ள பாடி விளிம்பு வரை அளந்தோம். அப்படி அளந்தால் டயரின் அளவும் காற்றும் கணக்கில் குறுக்கே வராது. முன்பக்கம் இடதுபக்கம் வலதைவிட 11 மி.மீ. தாழ்வு. கேம்பர், தொழிற்சாலைக் கணக்குப்படி 1 டிகிரி பாசிட்டிவாக, அதாவது சக்கரத்தின் மேல்பாகம் வெளியே சாய்ந்து, இருக்க வேண்டும். இடதுபக்கம் அரை டிகிரி நெகட்டிவ், வலதுபக்கம் சுழியம். முன்சக்கரங்கள் உள்நோக்கி 1.5 முதல் 2.3 மி.மீ. வரை குவிந்திருக்க வேண்டும். அவை வெளிநோக்கி 4 மி.மீ. விரிந்திருந்தன. உயரத்தைக் குறைத்தபின் யாரும் அலைன்மென்ட் பார்க்கவில்லை என்று இந்த ஒரு எண்ணே சொல்லிவிட்டது.

அடுத்து இடப்பக்க முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரம், அப்புறம் வலப்பக்கம் அதே தூரம். சேசிஸின் இருபுறமும் ஒத்த இடங்களிலிருந்து தூக்குக் குண்டு தொங்கவிட்டு, நூல் கட்டி அளந்தோம். இந்த வண்டியில் அது 91 அங்குலம், சுமார் 2312 மி.மீ. வரவேண்டும். இடப்பக்கம் சரியாக வந்தது. வலப்பக்கம் 7 மி.மீ. குறைவு. முன்பக்கத்தைத் தனியே சரிபார்த்ததில் அங்கே குற்றமில்லை. பின் ஆக்ஸிலின் வலப்பக்கம்தான் முன்னால் வந்திருந்தது.

இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே ஏறக்குறைய 1250 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 7 மி.மீ. நகர்வு என்பது 0.3 டிகிரி கோணல். கேட்க அற்பமாக இருக்கும். வலப்பக்கம் முன்னேறிய ஆக்ஸில் வண்டியின் பின்பாகத்தை இடதுபக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும், மூக்கு வலதுபக்கம் திரும்பப் பார்க்கும். அதைச் சமாளிக்க ஓட்டுநர் ஸ்டீயரிங்கை இடதுபக்கம் பிடிப்பார். முதல் குறைக்கு விடை கிடைத்துவிட்டது. முன்பக்கத்தில் எவ்வளவு அலைன்மென்ட் செய்தாலும் இது போயிருக்காது.

ஏன் நகர்ந்தது என்று பார்க்க, ஆக்ஸிலை லீஃப் ஸ்பிரிங்கோடு சேர்த்து இறுக்கும் யூ போல்ட்களைக் கழற்றினோம். இந்தக் காரில் ஆக்ஸில் லீஃப் ஸ்பிரிங்கின் மேல் உட்காரும். இரண்டுக்கும் நடுவே கட்டை வைத்தால் பாடி இறங்கும். முந்தைய உரிமையாளர் வைத்திருந்த அலுமினியக் கட்டைகளை அவரே அறுத்து, அரம் போட்டுச் செய்திருக்கிறார், விளிம்பில் அரத்தின் கோடுகள் தெரிந்தன. கீழ்ப்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கின் நடு போல்ட்டின் தலை உட்காரத் துளை போட்டிருந்தார். மேல்பக்கம் ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்த முளை எதுவும் இல்லை. மேல்முகம் வழவழவென்று இருந்தது. வலப்பக்கக் கட்டையின் மேலே, ஆக்ஸிலின் தளம் வழுக்கிப் போன தடம் பளபளவென்று மெருகேறி, முன்னால் 7 மி.மீ. நீளத்துக்குக் கோடாகத் தெரிந்தது. ஆக்ஸிலைச் சரியான இடத்தில் வைத்திருந்தது யூ போல்ட்டின் இறுக்கம் மட்டும்தான். லீஃப் ஸ்பிரிங்கின் நடு போல்ட்டும் அது போய் உட்காரும் குழியும்தான் ஆக்ஸிலுக்கு ஆணிவேர். யூ போல்ட்டின் வேலை அமுக்கிப் பிடிப்பது மட்டும். கட்டை வைத்தால் அந்தக் கட்டை இந்த ஆணிவேரைக் கீழே வாங்கி மேலே கொடுக்க வேண்டும். ஒரு முளை வைக்காமல் விட்டதால், இந்த வண்டியின் பின் ஆக்ஸில் இன்னும் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று நினைத்தால் கவலையாகத்தான் இருந்தது.

முன்பக்க ஸ்பிரிங்

முன்பக்கம் இரண்டு காயில் ஸ்பிரிங்கும் வெட்டப்பட்டவை. இடதில் முழுதாக ஒரு சுற்று, வலதில் முக்கால் சுற்று. கிரைண்டரால் வெட்டிய முனையில் நீலம் பாய்ந்திருந்தது.

ஸ்பிரிங்கை வெட்டலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். கணக்கைப் பார்ப்போம். காயில் ஸ்பிரிங் என்பது சுருட்டிய முறுக்குக்கம்பி. சுற்று குறைந்தால் கம்பியின் நீளம் குறையும், விறைப்பு அதே விகிதத்தில் கூடும். ஏழரைச் சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் விறைப்பு 15 விழுக்காடு கூடும். உயரம் எவ்வளவு குறையும் என்பதைத்தான் பலரும் தப்பாகக் கணிக்கிறார்கள். எம்ஜிபியில் ஸ்பிரிங் லோயர் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஸ்பிரிங்கில் 1 மி.மீ. குறைந்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 2 மி.மீ. இறங்கும். விறைப்பு கூடியதால் கொஞ்சம் திரும்பக் கிடைப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு சுற்றுக்குச் சக்கரத்தில் 38 மி.மீ. அளவுக்கு இறக்கம் வருகிறது. முக்கால் சுற்றுக்கு 28 அளவில். இரண்டு பக்கமும் அளந்தபோது கிடைத்த 11 மி.மீ. வித்தியாசம் இங்கிருந்துதான் வந்தது.

நீலம் பாய்ந்த முனையைப் பற்றி ஒரு வார்த்தை. கிரைண்டரில் வெட்டும்போது சூடு வெட்டுவாயோடு நின்றுவிடும், ஸ்பிரிங் முழுவதும் கெட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். கேஸ் கட்டர் வைத்து வெட்டுவதும், சுடர் காட்டி ஸ்பிரிங்கை உட்காரவைப்பதும் வேறு கதை. எஃகின் பதம் போய்விடும், அப்புறம் அந்த ஸ்பிரிங் எப்போது தொய்யும், எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

இந்த வண்டியில் பெரிய சேதம் வேறு இடத்தில். ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளும் கடைசிச் சுற்று மூடி, தட்டையாகத் தேய்த்துச் செய்யப்பட்டவை. தட்டுக்குள் முழு வட்டமாக உட்கார அதுதான் வழி. வெட்டிய முனையில் அந்தத் தட்டை முகம் இல்லை. ஸ்பிரிங் ஒரு புள்ளியில் ஊன்றிக்கொண்டு சாய்ந்து நின்றது. ஸ்பிரிங் தட்டின் உட்புறம் அந்தப் புள்ளி பெயிண்ட்டைத் தின்று, இரும்பில் பிறைபோல் ஒரு பள்ளம் போட்டிருந்தது.

அடுத்து பம்ப் ரப்பர். சஸ்பென்ஷன் மேலேறும்போது கடைசியில் போய் முட்ட வேண்டிய ரப்பர் அது. ஓர் இடைத்துண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். வண்டியை ஸ்பிரிங் வழியாகத் தாழ்த்துகிறவர்கள் அந்த இடைத்துண்டையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். இங்கே அதைத் தொடவே இல்லை. வண்டி சும்மா நிற்கும்போதே இடப்பக்கம் ரப்பருக்கும் முட்டும் தளத்துக்கும் நடுவே 6 மி.மீ.தான் இடைவெளி. ரப்பரின் மேல் கிரீஸில் சுண்ணாம்புப் பொடி குழைத்துத் தடவிவிட்டு, வழக்கமான சாலையில் நிதானமாக ஒரு சுற்று ஓட்டிவந்தோம். இரண்டு பக்கமும் தடவியது முழுக்கப் பிதுங்கி ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. அதாவது சாதாரண மேட்டிலேயே வண்டி ரப்பரில் முட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது குறைக்கு இதுவே விடை. வளைவில் வெளிப்பக்க முன்சக்கரத்தின் மேல் எடை சாய்கிறது. ஸ்பிரிங் அமுங்குகிறது. ரப்பர் தொடும்வரை எல்லாம் சீராக நடக்கிறது. தொட்ட கணத்தில் முன்பக்கத்தின் விறைப்பு பல மடங்காகி, சாயும் எடையின் பெரும்பங்கு அந்த ஒரே டயரின் தலையில் விழுகிறது. டயர் பிடியை விடுகிறது. ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் இது தள்ளிப்போகும், ஆனால் போகாது, இன்னும் கொஞ்சம் அதிக வேகத்தில் வந்து நிற்கும்.

மேட்டில் எட்டிப் போவது ஏன்?

இரண்டாவது குறைக்கு பம்ப் ஸ்டீயர் என்று பெயர். சக்கரம் மேலும் கீழும் போகும்போது, ஸ்டீயரிங் திரும்பாமலே சக்கரத்தின் திசை மாறுவது. லோயர் ஆர்ம், அப்பர் ஆர்ம், ஸ்டீயரிங்கின் டை ராட் (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) மூன்றும் வெவ்வேறு வட்டத்தில் சுழல்கின்றன. வடிவமைத்தவர்கள் இயல்பான உயரத்தை ஒட்டிய பகுதியில் இந்த மூன்றும் ஒத்துப்போகும்படி வைத்திருப்பார்கள். அந்தப் பகுதியை விட்டு வெளியே போகப்போக ஒத்துப்போகாது.

வீட்டிலேயே இதை அளக்கலாம், செலவு கிடையாது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி, வீல் ஹப்பில் ஒரு நேரான பலகையை போல்ட் போட்டுப் பிடித்தோம். ஜாக்கியால் ஹப்பைப் பத்துப் பத்து மி.மீ.யாக உயர்த்தி, பலகையின் முன்முனையும் பின்முனையும் தரையில் அடித்த கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று ஒவ்வொரு படியிலும் குறித்தோம். தொழிற்சாலை உயரத்துக்கு 25 மி.மீ. மேலும் கீழும் உள்ள பகுதியில் மாற்றம் ஒரு மி.மீ.க்கு உள்ளேயே நின்றது. வெட்டிய ஸ்பிரிங்கில் வண்டி நின்ற இடத்துக்கு வந்தபோது ஒரு சக்கரம் மட்டும் 3 மி.மீ. வெளிநோக்கித் திரும்பியிருந்தது. அங்கிருந்து ஒவ்வொரு பத்து மி.மீ.க்கும் மாற்றம் வேகமாகக் கூடியது. இரண்டு பக்கமும் வெவ்வேறு உயரத்தில் நின்றதால் ஒரே மேட்டில் இடது ஒரு அளவும் வலது ஒரு அளவும் திரும்பின. வண்டி எட்டிப் போகாமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில்தான் கிராஸ்மெம்பர் விவரம் முக்கியமாகிறது. தொழிற்சாலை 38 மி.மீ. உயர்த்தியது ஆர்ம்களின் சாய்வைத் தொடாமல். முந்தைய உரிமையாளர் அதே 38 மி.மீ.யைத் திரும்ப இறக்கியது ஆர்ம்களைச் சாய்த்து. டேப்பில் அளந்தால் இரண்டும் ஒன்றுதான். சஸ்பென்ஷனுக்கு இரண்டும் ஒன்றே இல்லை. பழைய குரோம் பம்பர் வண்டியின் உயரத்துக்கு வந்துவிட்டோம் என்று அவர் நம்பியிருப்பார். அந்த உயரத்தில் எந்தத் தொழிற்சாலை வண்டியிலும் இல்லாத ஒரு கோணத்தில் ஆர்ம்கள் நின்றன.

‘டொக்’ சத்தம்

ஸ்பிரிங் தளர்ந்து சத்தம் வருகிறதோ என்ற சந்தேகத்தில் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டுப் பார்த்தோம். ஸ்பிரிங் அப்போதும் இறுக்கமாகவே இருந்தது. அப்புறம் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினோம். இதில் ஒரு சின்ன உபாயம் இருக்கிறது: ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் அல்லது அதற்கு மேலே கீழே உள்ள புஷ்கள். கிங் பின்கள் இரண்டும் நன்றாக இருந்தன. பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள்கள் இருக்கும், முந்தைய உரிமையாளர் அவற்றுக்கு ஒழுங்காகக் கிரீஸ் கொடுத்திருக்கிறார். லோயர் ஆர்மின் உள்முனை ரப்பர் புஷ்கள் கிழிந்து, இரும்போடு இரும்பு தட்டிக்கொண்டிருந்தது. வலப்பக்க ஷாக் அப்சார்பரின் சுழல்தண்டில் ஆயில் கசிவும் விரலுக்குத் தெரியும் ஆட்டமும் இருந்தன. கையைக் கழற்றித் தனியே மேலும் கீழும் அசைத்தால் எதிர்ப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். இதில் நடுவே ஒரு இடம் வெறுமையாகப் போனது.

என்ன செய்வது என்று முடிவெடுத்தது

நண்பரின் பட்டியலுக்குத் திரும்பினோம். முன்பக்க டெலஸ்கோபிக் மாற்றத்தில் அவருக்கு ஆசை அதிகம். ஆனால் இந்தக் காருக்கு வரும் அத்தகைய கிட்கள் பலவற்றில் பழைய லீவர் ஷாக் அப்சார்பர் அப்படியே இருக்கும், அப்பர் ஆர்மாக வேலை செய்ய. டெலஸ்கோபிக் பக்கத்தில் கூடுதலாக வரும். அப்படியானால் ஆட்டம் கண்ட அந்தச் சுழல்தண்டு அங்கேயே இருக்கும், கேம்பர் ஆடிக்கொண்டே இருக்கும். புதுப் பொருள் வாங்கிய திருப்தி இருக்கும், குறை போகாது. இதைச் சொன்னதும் அவரே அந்த வரியை அடித்துவிட்டார். சுழல்தண்டின் பேரிங்கை மாற்றி அளவுக்குக் கடைந்து பொருத்துவது வீட்டு வேலை கிடையாது. சரிசெய்து சோதித்த யூனிட்டாக மாற்றுவதே நல்லது.

உயரத்துக்கு மூன்று வழிகள் இருந்தன. தரமான குட்டை ஸ்பிரிங் போட்டு, இடைத்துண்டையும் குறைத்து, ஓரளவு தாழ்த்துவது. குரோம் பம்பர் கிராஸ்மெம்பரைத் தேடி மாற்றுவது. இல்லாவிட்டால் தொழிற்சாலை உயரத்துக்கே திரும்பிப் போவது. மூன்றாவதையே நான் வற்புறுத்தினேன். நண்பருக்கு மனம் ஒப்பவில்லை, உயர்ந்து நிற்கும் எம்ஜிபியின் தோற்றம் அவருக்குப் பிடிக்காது. எனக்கும்தான் பிடிக்காது. ஆனால் ஏற்கெனவே நான்கைந்து இடத்தில் அளவு பிசகிய வண்டியில் இன்னொரு மாற்றத்தைச் சேர்த்தால், அப்புறம் எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. முதலில் தெரிந்த இடத்துக்கு வண்டியைக் கொண்டுவர வேண்டும். சாய்வுக்கு மருந்து ஆன்டி ரோல் பார். அது உயரத்தைத் தொடாது, ஆர்ம்களின் சாய்வைத் தொடாது, வண்டி சாயும்போது மட்டும் வேலை செய்யும். முந்தைய உரிமையாளர் தேடியதும் அதைத்தான்.

செய்த வேலை

ஸ்பிரிங்கைக் கழற்றுவதில் கொஞ்சம் நிற்கிறேன். ஸ்பிரிங் ஆர்மின் நடுவாக்கில் இருப்பதால், தன் பக்கத்துச் சக்கரம் தாங்கும் எடையைவிட அதிகமான விசையை ஒவ்வொரு ஸ்பிரிங்கும் சுமக்கிறது. அது கட்டுப்பாடின்றி விடுபட்டால் கையோ முகமோ போய்விடும், உயிரும் போகலாம். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஜாக்கியை ஸ்பிரிங் தட்டின் அடியில் கொடுத்தோம். தட்டைப் பிடிக்கும் போல்ட்களில் எதிரெதிரான இரண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உயர்தர எஃகில் செய்த நீளமான திருகுதண்டுகளை நட்டோடு பொருத்தினோம். மற்ற போல்ட்களை எடுத்தபின், ஜாக்கியையும் இரண்டு நட்களையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறக்கினோம். ஜாக்கி வழுக்கினாலும் தண்டுகள் பிடித்துக்கொள்ளும். சாதாரணக் கடையில் கிடைக்கும் மென்மையான திருகுதண்டை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. வேலை முடியும்வரை யாரும் தட்டுக்கு நேர் எதிரே உட்காரவில்லை.

வெட்டிய ஸ்பிரிங்குகள் போய், தொழிற்சாலை அளவில் புது ஜோடி வந்தது. லோயர் ஆர்ம் புஷ்களில் பாலியூரித்தேனுக்குப் பதில், 1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8 காரின் புஷ்ஷைத் தேர்ந்தெடுத்தோம். உள்ளே இரும்புக் குழாயோடு ரப்பர் ஒட்டி வார்த்த ஒரே துண்டு அது. நேராகவே பொருந்தும், நல்ல ஆயுள், சாலையின் கரகரப்பு உள்ளே வராது. இந்த மாதிரி புஷ்ஷில் ஒரு விதியை மீறக்கூடாது: கடைசி இறுக்கம் வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான். தொங்கவிட்ட நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் முறுக்கிக்கொண்டு, நாளெல்லாம் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும், உயரத்தையும் பொய்யாகக் காட்டும். பழைய புஷ்கள் கிழிந்த விதத்தைப் பார்த்தால் அவற்றுக்கு அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆன்டி ரோல் பாரின் இணைப்புத் தண்டு பொருந்த, அதற்கென்று துளையுள்ள லோயர் ஆர்ம் தேவை. இருக்கும் ஆர்மிலேயே டிரில் போட்டுவிடலாமே என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகத்தில், விசை ஓடும் பாதையில், விளிம்புக்கு அருகே நாமாகப் போடும் துளையில்தான் விரிசல் பிறக்கும். அது தெரியவரும்போது சக்கரம் மடங்கியிருக்கும். சரியான ஆர்ம்களை வாங்கிப் போட்டோம். வீட்டில் வெட்டவும் துளைக்கவும் தக்க பாகங்கள் உண்டு, பம்ப் ரப்பரின் இடைத்துண்டு அப்படிப்பட்டது. ஆர்ம், ஸ்டப் ஆக்ஸில், ஸ்டீயரிங் கை ஆகியவற்றில் கிரைண்டரும் வெல்டிங்கும் டிரில்லும் படக்கூடாது.

பின்பக்கக் கட்டைகளை எடுத்தோம். லீஃப் ஸ்பிரிங்கின் நடு போல்ட் ஆக்ஸிலின் குழியில் நேரடியாக உட்கார்ந்தது. அதன் தலை தேயவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டோம். கட்டைக்காக நீளமாகப் போட்டிருந்த யூ போல்ட்களைத் திரும்பப் பயன்படுத்தவில்லை, புதிது.

விளைவு

முன்பக்க இடவல வித்தியாசம் 3 மி.மீ.க்கு வந்தது. கேம்பர் இடது முக்கால் டிகிரி பாசிட்டிவ், வலது 1 டிகிரி பாசிட்டிவ். சக்கரக் குவிவை 2 மி.மீ.யில் நிறுத்தினோம். முன்பின் சக்கர தூரம் இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. வித்தியாசத்துக்குள். ஸ்டீயரிங் நடுவில் நிற்க, வண்டி நேரே போகிறது. அதே சாலையில் அதே சுண்ணாம்புக் கிரீஸைத் தடவி ஓட்டியதில் இடப்பக்கம் தொடவே இல்லை, வலப்பக்கம் ஓரத்தில் ஒரு மெல்லிய ஒற்றல் மட்டும். சத்தம் போய்விட்டது. வளைவில் சாய்வு நன்றாகக் குறைந்துவிட்டது. இருக்கும் சாய்வும் படிப்படியாக வருகிறது, முன்சக்கரம் தளர்வதற்கு முன் ஸ்டீயரிங் கையில் சொல்கிறது.

முன்பக்கத்தில் மட்டும் ஆன்டி ரோல் பார் இருப்பதால் எல்லையில் முன்சக்கரம்தான் முதலில் வழுக்கும். சாலையில் ஓட்டும் வண்டிக்கு அது பாதுகாப்பான பக்கம் என்பது என் எண்ணம். பின்பக்க பார் வேண்டும் என்று நண்பர் பேச்செடுத்தார். கொஞ்ச காலம் இப்படியே ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உயரம் இன்னும் தீராத விஷயம். நண்பருக்கு குரோம் பம்பர் கிராஸ்மெம்பர் ஒன்று கிடைத்திருக்கிறது. அதை மாற்றுவதில் ஸ்டீயரிங் ராக்கின் இடம், ஸ்டீயரிங் தண்டின் நீளம், அதன் மூட்டின் கோணம் எல்லாம் சேர்ந்து வரும், பின்பக்கமும் அதற்கேற்ற லீஃப் ஸ்பிரிங் வேண்டும். அளவெடுத்து வைத்த தாள்கள் இருக்கின்றன, மாற்றியபின் அதே பலகையில் பம்ப் ஸ்டீயரைத் திரும்ப அளந்து ஒப்பிடலாம். அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. புது யூ போல்ட்கள் கொஞ்ச தூரம் ஓடியதும் இளகும், ஸ்பிரிங் தட்டில் உள்ள ரப்பர் மெத்தைகள் உட்காருவதே காரணம். 500 கிலோமீட்டரில் அவற்றையும் லோயர் ஆர்ம் நட்களையும் வண்டி தரையில் நிற்கும் நிலையில் மறுபடி இறுக்க வேண்டும்.